படுத்த பிறகு மாதம் எவ்வளவு?

முதியோர் இல்லத்தில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இரணியலுக்குப் பக்கத்தில் திங்கள்சந்தை இருக்கிறது. திங்கட்கிழமை கூடிய சந்தையால்தான் அந்த இடத்துக்கு அந்தப் பெயரே வந்தது. அங்கே வாழைக்குலை வாங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும்!

மட்டிக் குலையா, செந்துளுவன் குலையா, ஏத்தன் குலையா? எத்தனை சீப்பு? காய் விளைந்ததா, பிஞ்சா? குலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். திருப்பிப் பார்ப்பார்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பார்கள். "வேண்டாம்" என்று நாலடி நடப்பார்கள். கடைக்காரர் திரும்பக் கூப்பிடுவார். இத்தனையும் சில நூறு ரூபாய்க்காக!

அதே மனிதர், 10 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டி முதியோர் இல்லத்தில் சேரும்போது என்ன செய்கிறார்? வண்ணப் படம் போட்ட புத்தகத்தைப் புரட்டுகிறார். பூந்தோட்டத்தைப் பார்க்கிறார். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார்.

வாழைக்குலைக்குக் கேட்ட கேள்வியில் பாதிகூட இங்கே கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். கடைசிக் காலத்துக்குப் போய் பேரம் பேசுவதா என்ற கூச்சம்!

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

குமரி மாவட்டத்தில் படிப்பு அதிகம். படித்த பிள்ளைகள் ஊரில் தங்குவது குறைவு. ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். இன்னொருவர் பெங்களூரில் இருப்பார். பெரிய வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதே கஷ்டம். இரவில் நெஞ்சு வலித்தால் யார் காரை ஓட்டுவது?

இது ஒரு மாவட்டத்தின் கதை அல்ல. 2021-ம் ஆண்டில், தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள் என்று மத்திய சர்க்காரின் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடி, முதியவர்கள் விகிதம் அதிகமான பெரிய மாநிலம் தமிழ்நாடுதான். இரணியலோ இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே கிடக்கிற ஊர்.

ஆகவே, பணம் வாங்கிக்கொண்டு முதியவர்களைப் பார்த்துக் கொள்ளும் குடியிருப்புகள் பெருகிவிட்டன. கோவைப் பக்கம் இவை நிறைய இருக்கின்றன. வசதியும் இருக்கிறது. பேச்சுத்துணையும் கிடைக்கிறது. பெற்றோரை அங்கே சேர்ப்பது பாவம் என்று பேசுகிற காலம் போய்விட்டது. போகட்டும், நல்லதுதான். ஆனால் கணக்கு?

ஒரு கணக்கு

இரணியலில் ஒரு தம்பதி என்று வைத்துக் கொள்வோம். கணவருக்கு வயது 68. மனைவிக்கு 64. "அப்பா, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. நல்ல இடமாப் பாருங்க" என்று மகன் போனில் சொல்லிவிட்டான்.

இல்லத்தில் முன்பணம் 10 லட்சம் ரூபாய். வட்டி கிடையாது. மாதக் கட்டணம், இருவருக்கும் சேர்த்து 20 ஆயிரம் ரூபாய். "அவ்வளவுதானா! பரவாயில்லையே" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த 10 லட்சத்தை பாங்கியில் போட்டு, 7 சதவிகித வட்டி வந்தால், ஆண்டுக்கு 70 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாதத்துக்கு 5 ஆயிரத்து 833 ரூபாய். அந்த வட்டியை இழக்கிறார்கள் அல்லவா? அதுவும் செலவுதான். ஆக, உண்மையான மாதக் கட்டணம் 20 ஆயிரம் அல்ல. 25 ஆயிரத்து 833 ரூபாய்.

இன்னும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வரி இருக்கும். "கட்டணம் ஆண்டுதோறும் 8 சதவிகிதம் உயர்த்தப்படும்." 8 சதவிகிதம் என்றால் சின்னத் தொகைபோல் தெரிகிறது. ஆனால் அது குட்டி போடும்! 9 ஆண்டில் 20 ஆயிரம், 40 ஆயிரம் ஆகிவிடும். 18 ஆண்டில் ஏறக்குறைய 80 ஆயிரம். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 82. கணவரின் பென்ஷன் 8 சதவிகிதம் உயருமா? மகனுக்கு அன்றும் வெளிநாட்டு வேலை இருக்குமா?

"உயர்த்தப்படும்" என்று எண்ணோடு எழுதியிருந்தாலாவது கணக்குப் போடலாம். "நிர்வாகம் அவ்வப்போது தீர்மானிக்கும்" என்று எழுதியிருந்தால்? அது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல.

மூன்று விலைகள்

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். முதியோர் இல்லத்துக்கு ஒரு விலை இல்லை. மூன்று விலை உண்டு.

எழுந்து நடமாடுகிறவருக்கு ஒரு விலை. குளிக்க, உடுத்த, மருந்து சாப்பிட ஒரு ஆள் துணை வேண்டும் என்றால் இரண்டாவது விலை. பக்கவாதம் வந்தோ, இடுப்பு எலும்பு முறிந்தோ, நினைவு தப்பியோ படுக்கையில் விழுந்துவிட்டால் மூன்றாவது விலை. விளம்பரத்தில் வருவது முதல் விலை மட்டும்!

ஆனால் ஜனங்கள் எதற்காக இல்லத்துக்குப் போகிறார்கள்? நடமாடுகிறவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்கலாமே. படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்ற பயத்தில்தானே போகிறார்கள்! அவர்கள் வாங்கும் சரக்கு மூன்றாவது நிலை. விலை கேட்பதோ முதல் நிலைக்கு.

படுத்த பிறகு என்னென்ன சேரும்? பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள். படுக்கைப் புண் வந்தால் கட்டுப்போட நர்சு. கை கால் பயிற்சி சொல்லித்தர ஒருவர். இடுப்பில் கட்டும் டயபர். மூக்கில் குழாய் வைத்தால் தனிக் கஞ்சி. ஆம்புலன்சு. டாக்டர் வந்து பார்த்தால் அதற்கு. இவை எல்லாம் மாதக் கட்டணத்தில் அடக்கமா, தனியா? தனி என்றால் எவ்வளவு? ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தால், சாப்பிடாத சாப்பாட்டுக்கும் கட்டணம் உண்டா?

பலருக்குத் தோன்றாத கேள்வி இன்னொன்று. கணவர் படுத்துவிட்டார். அவரை நோயாளிகள் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி பழைய அறையிலேயே இருக்கிறார். இப்போது ஒரு வாடகையா, இரண்டு வாடகையா? இதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்காவிட்டால், அந்த அம்மாள் கணவரைப் பார்ப்பாரா, பில்லைப் பார்ப்பாரா?

சில இடங்களில் மூன்றாவது நிலைக்கு வசதியே கிடையாது. "எங்களால் முடியாது, அழைத்துப் போங்கள்" என்பார்கள். அப்படியும் ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். படிக்காமல் போட்டால் ஆபத்து.

முன்பணம் திரும்ப வருவதும் அப்படித்தான். இறந்த எத்தனை நாளில் வாரிசுக்குக் கிடைக்கும்? எவ்வளவு பிடிப்பார்கள்? "அந்த அறைக்கு வேறு ஆள் வந்த பிறகு தருவோம்" என்று இருந்தால், ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? தேதி வேண்டும். தேதி இல்லாத வாக்குறுதிக்கு மதிப்பு இல்லை.

மலிவும் ஆபத்து!

கட்டணம் ஏறவே ஏறாது என்று ஒரு இல்லம் சொன்னால் சந்தோஷப்படலாமா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் "பசிபிக் ஹோம்ஸ்" என்று ஒரு நிறுவனம் இருந்தது. கிறிஸ்தவ மெதடிஸ்ட் சபையின் தொடர்பு உடையது. பல முதியோர் இல்லங்களை நடத்தியது. சேரும்போது ஒரு பெருந்தொகை கட்ட வேண்டும். அதன் பிறகு சாகும்வரை பராமரிப்பு என்று வாக்குக் கொடுத்தது. முதியவர்கள் நம்பினார்கள். வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு.

வந்தது வினை. அவர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் உயிரோடு இருந்தார்கள்! நல்ல சாப்பாடும் நல்ல வைத்தியமும் கிடைத்தால் ஆயுள் நீளாதா? விலைவாசியும் ஏறியது. பழைய ஆட்களின் செலவுக்கு, புதிதாகச் சேருகிறவர்களின் பணத்தை எடுத்துப் போட்டார்கள். "மாதா மாதம் இன்னும் பணம் தாருங்கள்" என்று முதியவர்களைக் கேட்டார்கள். கடைசியில், 1977-ம் ஆண்டு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. முதியவர்கள் சபை மீதே வழக்குப் போட்டார்கள். 1980-ம் ஆண்டில் சமரசம் ஆனது. சபை தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் பொறுப்பு ஏற்றது.

இன்று அமெரிக்காவில் பல மாநிலங்களில், இத்தகைய இல்லங்கள் தங்கள் வரவு செலவுக் கணக்கைச் சேரப் போகிறவரிடம் முன்கூட்டியே தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 2018-ம் ஆண்டு, முதியோர் இல்லங்கள் கட்டண விவரத்தை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று போட்டி ஆணையம் அறிவுரை வெளியிட்டது.

பிறநாட்டுப் புத்தி எதற்கு? செங்கற்பட்டுப் பக்கம் திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி பற்றியது. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், எத்தனை காசு, மருந்து கொண்டுவருகிறவருக்கு எவ்வளவு, பணிப்பெண்களுக்கு எவ்வளவு, என்னென்ன மருந்து எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று எல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் போய் நின்று படிக்கலாம்! இன்றைய இல்லங்களில், கட்டணப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சர்க்கார் 2019-ம் ஆண்டு, முதியோர் குடியிருப்புகளுக்கு மாதிரி விதிகள் வெளியிட்டது. கட்டுகிறவர், பராமரிப்பு நடத்துகிறவர், குடியேறுகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் எழுத வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஏன் மூவர்? வீடு கட்டிய கம்பெனி ஒன்றாக இருக்கும். சமையலும் நர்சும் வேறு கம்பெனி. சண்டை வந்தால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். ஆனால் இவை மாதிரி விதிகள்தான். மாநிலங்கள் கையில் எடுத்தால்தான் பலம்.

வீடாகவே விலைக்கு வாங்குவதாக இருந்தால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணைக்கு வரும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல், வீட்டு விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

ஜி.எஸ்.டி. வரியிலும் ஒரு சலுகை உண்டு. வருமான வரிச் சட்டப்படி பதிவு செய்த தர்ம ஸ்தாபனம் நடத்தும் இல்லத்தில், 60 வயதானவருக்கு, தங்க, சாப்பிட, பராமரிக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25 ஆயிரம் ரூபாய் வரை வரி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

பிள்ளைகள் மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டால்? பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ம் ஆண்டு வந்தது. இரணியல் இருக்கும் கல்குளம் தாலுகாவுக்கு, பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அதிகாரியின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் அங்கே அதிகபட்சம் மாதம் 10 ஆயிரம் ரூபாய்தான் கிடைக்கும். இல்லத்தின் கட்டணமோ அதைவிட இரு மடங்கு! தோப்பையும் வீட்டையும் மகன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, "அவன் கட்டுவான்" என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்து, அதை மீறினால்தான் அந்தச் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்ய முடியும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. இல்லத்துக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகன் கோபித்துக் கொள்வான் என்று பயப்படாதீர்கள். நல்ல மகன் கோபிக்க மாட்டான்.

ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். தர மறுத்தால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பேரனையோ பேத்தியையோ வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால், அன்று போட வேண்டாம். அங்கே ஏற்கனவே இருக்கிற இரண்டு பெரியவர்களிடம் தனியாகப் பேசி, போன வருஷ பில்லையும் இந்த வருஷ பில்லையும் காட்டச் சொல்லலாம். விளம்பரப் புத்தகம் சொல்லாததை அந்த இரண்டு காகிதம் சொல்லிவிடும்.

சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்று என்றால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடலாம். ரசீதுகளும் ஒப்பந்தப் பிரதியும் கையில் வேண்டும். முதியவர்களுக்கான உதவி போன் எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். காசு கிடையாது.