ஓயாத ரீங்காரம்
வால்வுக் கிற்றார் ஒலிபெருக்கியை வீட்டிலே அமைப்போர் அறியவேண்டியவை

கிற்றார்க்காரர் வாசிக்கத் தொடங்குமுன்பே தான் பாடத் தொடங்கிவிடும் ஒலிபெருக்கிகள் உண்டு. ஆளியைப் போட்டுச் சிறிது நேரத்தில் வால்வுகள் செந்நிறமாய் ஒளிரும். உடனே ஸ்பீக்கரிலிருந்து ‘ம்…’ என்று தாழ்ந்த ஒலியொன்று எழுந்து அறை முழுவதும் பரவும். இசை முழங்கும்போது அது அடியில் அமிழ்ந்து கிடக்கும். இசை நின்றதும் தலைதூக்கும். தம் கையாலேயே ஒலிபெருக்கி அமைத்த எவரும் இந்த ரீங்காரத்தோடு போராடாமல் இருந்திருக்கமாட்டார்.

இதனைக் குறைக்க வழிகள் பல உள. அவற்றுள் பெரும்பாலானவை பொறுமையை மாத்திரமே வேண்டுவன. ஆனால், எல்லாவற்றிலும் எளிதெனத் தோன்றும் வழியொன்று மனிதர் உயிரையே குடித்திருக்கிறது. ஆதலின், இக்கலையிற் கைவைப்போர் ரீங்காரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

இன்றும் வால்வு ஏன்?

டிரான்சிஸ்டர் வந்தபின் வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வு மறைந்தது. கிற்றார் உலகில் அது மறையவில்லை. அளவுக்கு மீறி வேலை வாங்கும்போது வால்வு தரும் சற்றே கரகரத்த, செறிந்த நாதத்தை இசைஞர் விரும்புகின்றனர். வால்வுகள் இன்றும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன.

இக்கருவிகளின் வரலாற்றில் கைவேலைக்காரருக்குப் பெரும் பங்குண்டு. லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962ஆம் ஆண்டில் அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மன்’ ஒலிபெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டு தம் துணைவரோடு சேர்ந்து முதற் கருவியை அமைத்தார். பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் இவ்வாறு சிறு கடையொன்றிலே தோன்றியது.

இன்று வீட்டில் அமைப்போர் பலர் முதலிலே தேர்ந்துகொள்வது, ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் விற்ற ‘சாம்ப்’ என்னும் சிறு கருவியின் மின்சுற்றையே. அதில் 12ஏஎக்ஸ்7, 6வி6, 5வை3 என்ற மூன்று வால்வுகளே உள்ளன. ஆற்றல் ஏறத்தாழ 5 வாற்று. வீட்டறைக்கு இது தாராளமாகப் போதும். பாகங்கள் சிலவே என்பதால் ரீங்காரத்தின் பிறப்பிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழகுவதற்கும் இது நல்ல பள்ளிக்கூடம்.

சுரத்தைக் கேட்டு நோயை அறிதல்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 சுற்றுகளாகத் திசைமாறி ஓடுவது. ஆகவே ரீங்காரமும் இரண்டு சுரங்களில் ஒன்றாகவே பெரும்பாலும் அமையும். செக்கனுக்கு 50 அதிர்வுகள் கொண்டதாயின், அது நிலைமாற்றியின் காந்தப்புலத்திலிருந்தோ, வால்வுகளைச் சூடேற்றும் கம்பிகளிலிருந்தோ, புவித்தொடுப்புக் கம்பிகள் வளையமாய் அமைந்துவிட்டதாலோ வருவது. 100 அதிர்வுகள் கொண்டதாயின், திசைமாறும் மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் பகுதி சரிவர வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு சுற்றின் இரண்டு அரைப்பகுதிகளும் பயன்படுவதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது.

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கையிலுள்ள கிற்றாரே போதும். அதன் தடித்த ஆறாம் கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் செக்கனுக்கு 98 அதிர்வுள்ள சுரம் எழும். ரீங்காரம் அதனோடு ஏறக்குறைய இணைந்து ஒலித்தால், அது 100 அதிர்வினது. ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால், 50 அதிர்வினது. சிறு ஸ்பீக்கர்களில் பின்னையது மங்கலாகவே கேட்கும் என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

துளையிடுமுன் கேளுங்கள்

ஒலிபெருக்கியில் டிரான்ஸ்போமர் எனப்படும் நிலைமாற்றிகள் இரண்டு உள்ளன. ஒன்று வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்கு வேண்டிய அளவுகளுக்கு மாற்றுவது. மற்றது வால்வின் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றதாக மாற்றுவது. முன்னையதை வாங்கும்போதே கவனம் வேண்டும். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ற்றுக்கென மட்டும் சுற்றப்பட்டதை இங்கே நேராக இணைத்தால் கருகிவிடும். 230 வோல்ற்றைத் தாங்குவதாயினும், 60 அதிர்வுக்கு மட்டுமே அளவாகச் செய்யப்பட்டதாயின், 50 அதிர்வில் அதன் இரும்பகம் காந்தத்தால் மிகுதியாக நிரம்பிச் சூடேறும். புறத்தே கசியும் காந்தப்புலமும் கூடும்.

எத்துணை நன்றாகச் செய்யப்பட்ட நிலைமாற்றியாயினும் சிறிதளவு காந்தப்புலம் வெளியே கசியவே செய்யும். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்னைத் தூண்டும் என்பது 1831இல் மைக்கல் பரடே கண்ட உண்மை. முதல் நிலைமாற்றியிலிருந்து கசிவது இரண்டாவதன் சுருளைச் சென்றடைந்தால், வால்வுகளின் துணையின்றியே ஸ்பீக்கர் ரீங்கரிக்கும். அந்நிலையில் ஒலியளவைக் குறைத்தாலும் ரீங்காரம் குறையாது. எனவே இரண்டையும் சட்டகத்தின் எதிரெதிர் முனைகளில் வைத்து, சுருள்களின் அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்குமாறு திருப்பவேண்டும். கிற்றார்க் கம்பி நுழையும் துளையும் முதல் வால்வும் மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து இயன்றவரை தொலைவில் அமைதல் நன்று.

சரியான இடத்தைக் காதாலேயே கண்டுகொள்ள ஒரு பழைய முறை உண்டு. சட்டகத்தில் துளையிடுவதற்கு முன்பாக இரண்டு நிலைமாற்றிகளையும் அதன்மேல் வைக்கவேண்டும். வெளியீட்டு நிலைமாற்றியின் ஸ்பீக்கர்ப் பக்கக் கம்பிகளில் செவிக்கருவியொன்றை இணைத்து, அதன் மறுபக்கக் கம்பிகளை ஒன்றிலும் தொடுக்காமல் விடவேண்டும். மின் நிலைமாற்றியின் வெளியீட்டுக் கம்பிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே காப்புநாடாவாற் சுற்றி மூடிவிட்டு, உருகியின் வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். சட்டகம் புவித்தொடுப்புச் செய்யப்பட்டிருத்தல் இன்றியமையாதது. இப்போது செவியில் ரீங்காரம் கேட்கும். வெளியீட்டு நிலைமாற்றியை மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பார்த்தால், ஓரிடத்தில் அவ்வொலி தேய்ந்து அடங்குவதைக் காணலாம். அவ்விடத்தைக் கரிக்கோலால் குறித்து, மின்சாரத்தை நிறுத்தியபின் துளையிடுங்கள். இதற்குச் செலவாகும் அரைமணி நேரம், பின்னர் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

சட்டகம் இரும்புத் தகடாயின் அதுவே காந்தப்புலத்தைச் சுமந்து செல்லும். அலுமினியம் அவ்வாறு செய்வதில்லை. கம்பிகள் நுழையும் துளைகளின் விளிம்பு கூராக இருக்கும் என்பதால் இறப்பர் வளையம் இடவேண்டும். நிலைமாற்றியின் திருகாணிகள் தளர்ந்திருந்தால் இரும்புத் தகடுகளே அதிர்ந்து ஓசையிடும். காதை அருகே கொண்டுசென்றால் அவ்வோசை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை என்பது புலப்படும். இதனை அறிவதற்காக ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுக் கருவியை இயக்குதல் கூடாது. சுமையின்றி இயங்கினால் வெளியீட்டு நிலைமாற்றி பழுதடையக்கூடும்.

கம்பிகளின் ஒழுக்கம்

வால்வுகளைச் சூடேற்றுவது 6.3 வோல்ற்றுத் திசைமாறும் மின்னோட்டம். அதைக் கொண்டுசெல்லும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இறுக முறுக்கி, சட்டகத்தின் மூலையோரமாக இட்டுச்செல்லவேண்டும். ஒரு கம்பியின் புலத்தை மற்றதன் புலம் அழித்துவிடும். நிலைமாற்றியில் இச்சுருளுக்கு நடுமுனை இருப்பின் அதனைப் புவித்தொடுப்பில் இணைக்கலாம். இல்லையெனில் 100 ஓம் தடையிகள் இரண்டினால் செயற்கையாக ஒரு நடுமுனை அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மின்னைச் சேமித்துச் சீராக்கும் கொள்ளளவி; கண்டென்சர் என்று கடைகளில் வழங்குவது. முதற் கொள்ளளவிக்குள் மின் செக்கனுக்கு 100 முறை பெருந் துடிப்புகளாகப் பாய்கிறது. ஆகவே, நிலைமாற்றியின் உயரழுத்தச் சுருளின் நடுமுனைக் கம்பி அந்தக் கொள்ளளவியின் எதிர்முனைக்கே நேராகச் செல்லுதல் வேண்டும். சட்டகத்தில் ஏதோ ஓரிடத்தில் அதைப் பிணைத்துவிட்டால், அத்துடிப்புகள் சட்டகம் முழுதும் ஓடி, முதல் வால்வின் மெல்லிய ஒலியோடு கலந்துவிடும். ஊர்க் கழிவுநீரைக் குடிநீர்க் கிணற்றருகே ஓடவிடுவதற்கு இது ஒப்பாகும். ஒவ்வொரு வால்வின் புவிமுனைகளையும் அதற்குரிய கொள்ளளவியில் முதலிற் சேர்த்து, பின்னர் அவற்றை வரிசையாகத் தொடுத்து, கிற்றார்க் கம்பி நுழையுமிடத்துக்கு அருகே ஒரே புள்ளியில் சட்டகத்தோடு இணைப்பது நலம் பயக்கும்.

இவ்வளவும் செய்தபின் சாம்ப் போன்ற கருவியில் சிறிது ரீங்காரம் எஞ்சினால் மனந்தளரவேண்டாம். பெரிய கருவிகளில் இரண்டு வெளியீட்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்வதால் மின்வழங்கலின் துடிப்பு பெரும்பாலும் தானே அழிந்துபோகும். ஒற்றை வால்வுக் கருவிக்கு அந்த வசதியில்லை.

குற்றவாளி கிற்றாராகவும் இருக்கலாம்

கிற்றாரைப் பிடுங்கியதும் ரீங்காரம் அடங்கினால், கிற்றார்மீதும் அதன் கம்பிமீதும் ஐயங்கொள்ளவேண்டும். கிற்றாரின் ஒலியேற்பியும் ஒரு சுருளே. நிலைமாற்றியின் அருகே அதனைக் கொண்டுவந்தால் ரீங்காரத்தை வாரிக்கொள்ளும். வாசிப்பவர் சற்றுத் திரும்பி அமர்ந்தாலே ஒலி மாறும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இக்குறையைப் போக்கினார். 1955இல் அவர் விண்ணப்பித்த உரிமைப்பத்திரம் 1959இல் வழங்கப்பட்டது.

கிற்றார் இல்லாதபோதும் ரீங்காரம் நிலைத்தால், மின்சாரத்தை நிறுத்தி முதல் வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். ஒலி மறைந்தால் குற்றம் முதல் வால்வின் பகுதியில். மறையாவிட்டால் அதற்குப் பின்னால்.

ஒருபோதும் செய்யத்தகாதது

இனி, முதலிலே குறிப்பிட்ட அந்த எளிய வழி எது? எர்த் எனப்படும் புவித்தொடுப்புக் கம்பியைத் துண்டித்துவிடுவதே அது. ஒலிபெருக்கியும் மற்றொரு கருவியும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இரண்டுக்கும் தனித்தனிப் புவித்தொடுப்பு இருந்தால் வளையம் உண்டாகி ரீங்காரம் எழும். பிளக்கிலுள்ள எர்த் கம்பியை வெட்டியதும் ஒலி அடங்கும். வெட்டியவர் வெற்றிபெற்றதாக மகிழ்வார்.

கிற்றாரின் உலோகக் கம்பிகள் வடத்தின் உறை வழியாக ஒலிபெருக்கியின் சட்டகத்தோடு இணைந்துள்ளன. என்றேனும் ஒருநாள் நிலைமாற்றியின் காப்பு பழுதாகி மின்சாரம் சட்டகத்தைத் தொட்டால், புவித்தொடுப்பு இருக்கும்பட்சத்தில் உருகி எரிந்து ஆபத்து நீங்கும். இல்லையெனில் 230 வோல்ற்றும் வாசிப்பவர் விரல்நுனியில் நிற்கும். மறுகை ஒலிவாங்கியைத் தொட்டால், மின்னின் பாதை நெஞ்சின் வழியாகவே செல்லும்.

‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டு சுவான்சி நகர மேடையில், புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மாண்டார். ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், 1976 மே மாதத்தில் தம் வீட்டிலே, சரிவரப் புவித்தொடுப்புச் செய்யப்படாத கிற்றாரை வாசிக்கையில் மின்தாக்கி இறந்தார். இருவரும் இளைஞர், மின் இசைக்கருவிகளோடு ஆண்டுக்கணக்காய்ப் பழகியவர்.

வளைய ரீங்காரத்துக்குப் பாதுகாப்பான மருந்து உண்டு. இரு கருவிகளையும் ஒரே மின்வாயிலிருந்து இயக்குங்கள். அதனாலும் தீராவிடின், ஒலிச்சைகை செல்லும் வழியில் தனிப்படுத்தும் சிறு நிலைமாற்றியொன்றை இடுங்கள். மின்வடத்தின் எர்த் கம்பி, சட்டகத்தில் தனக்கென ஒதுக்கிய திருகாணியில், பூச்சைச் சுரண்டிய வெற்று உலோகத்தின்மேல் இறுக இணைந்திருக்கட்டும்.

ஆளியை நிறுத்தியபின்னும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தடையியொன்றின் வழியே அதனை வடியவிட்டு, மானியால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கைவையுங்கள். முதன்முறை இயக்கும்போது இழையுள்ள 60 வாற்று மின்குமிழொன்றைத் தொடரிணைப்பில் இட்டால், எங்கேனும் குறுக்குத் தொடுப்பு இருப்பின் குமிழ் பிரகாசமாய் எரிந்து எச்சரிக்கும். இந்நாளைய எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. இத்தொழிலில் முன்பழக்கம் இல்லாத இளைஞர், அறிந்த ஒருவர் அருகிலிருக்கவே இவ்வேலையை மேற்கொள்வாராக.

நன்கு அமைந்த ஒலிபெருக்கியில் பாட்டுகளுக்கிடையே கேட்கும் அமைதி, நிலைமாற்றியை வைத்த இடத்திலும் கம்பியைக் கொண்டுசென்ற வழியிலுமே பிறக்கிறது. இவற்றைச் செய்தபின்னும் சிறிது ரீங்காரம் எஞ்சுமாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். அதை அடக்குவதற்காக எர்த் கம்பியில் மட்டும் கைவைத்தல் ஆகாது.