மாத்திரைக்கு முன் அளவுநாடா

மருந்துக்கடை என்றதும் மாத்திரை வாங்குமிடம் என்றே எண்ணுகிறோம். இங்கிலாந்திலோ, அது எடையை அளந்து வழிகாட்டும் இடமாகவும் விளங்குகிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள பருமனானவர்களை, 2021இல் தொடங்கிய அரசின் 12 வார இலவச எடைக்குறைப்புத் திட்டத்திற்கு மருந்தாளுநரே அனுப்பி வைக்கலாம். உணவையும் நடையையும் சீர்செய்யும் திட்டம் அது. அதில் சேர உடல் நிறை எண் 30 இருத்தல் வேண்டும். ஆசிய வம்சாவளியினர்க்கோ 27.5 போதும். ஏனெனில், குறைந்த எடையிலேயே நம்மவரை நீரிழிவு பற்றிக்கொள்கிறது.

ஆகவே, 'மெலிவதற்கு மாத்திரை உண்டா?' எனக் கடையில் வினவுமுன், வீட்டுத் தையற்பெட்டியிலுள்ள அளவுநாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், மருத்துவரை நாடுங்கள்.