நெடும்பயணத்திற்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் நகரம் தைப்பிங். இங்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இந்நகரிலிருந்து கோத்தாபாருவுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் சங்காட் ஜெரிங்கில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்குள் நுழைகிறார், கோலகங்சாரில் வெளியேறுகிறார், லெங்கோங் வழியாகக் கிரிக்கை அடைகிறார். பின்னர், 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து ஜெலிக்குச் செல்கிறார். அதிவேகச் சாலை, மலை வளைவுகள், மூடுபனி, கனமழை, குண்டும் குழியுமான பகுதிகள் என அனைத்தையும் அவர் ஒரே நாளில் சந்திக்க நேரிடலாம்.

‘காப்சாய்’ எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படும் சிறிய மோட்டார் சைக்கிளிலும் இப்பயணத்தை மேற்கொள்ளலாம். ஆனால், அது குறுகிய தூரப் பயணத்திற்காக வடிவமைக்கப்பட்டது. பலவகைச் சாலைகளில், பல நூறு கிலோமீட்டர் தொலைவைக் களைப்பின்றிக் கடப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது சாகசப் பயண மோட்டார் சைக்கிள்.

இவ்வகை வாகனத்தின் முன்னோடியாக ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் 1980இல் அறிமுகப்படுத்திய ‘ஆர் 80 ஜி/எஸ்’ கருதப்படுகிறது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும், கரடுமுரடான நிலம், சாலை ஆகியவற்றைக் குறிக்கும் ஜெர்மானியச் சொற்களின் முதலெழுத்துகளாகும். அதற்கு அடுத்த ஆண்டே, சகாரா பாலைவனத்தைக் கடந்து செல்லும் பாரிஸ்–டாக்கார் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் வாகனம் வெற்றி பெற்றது. ஒரே வாகனம் சாலையிலும் மணலிலும் ஓட முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கும் சிறப்பான இடமுண்டு. 1955இல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட என்பீல்ட் இந்தியா நிறுவனத்தின் வழிவந்த ராயல் என்பீல்ட், 2016இல் ‘ஹிமாலயன்’ என்னும் சாகசப் பயண மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 2023இல் அதன் புதிய வடிவம் 452 சிசி இயந்திரத்துடன் வெளிவந்தது. பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ‘ஜி 310 ஜிஎஸ்’ என்னும் வாகனமும் ஓசூரிலுள்ள டிவிஎஸ் தொழிற்சாலையில் உருவானதே.

இவ்வாகனத்தின் ஒவ்வோர் உறுப்பும் சாலையில் எழும் ஒரு சிக்கலுக்குத் தீர்வாக அமைந்துள்ளது. புதிய ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம் கொண்டது. சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும். பெரிய சக்கரமோ அதன் விளிம்பை எளிதில் ஏறிக் கடந்துவிடும். அதிர்வைத் தாங்கும் சுருள்வில் அமைப்பு 200 மில்லிமீட்டர் வரை அசைந்து கொடுப்பதால், குழியின் அதிர்ச்சி ஓட்டுநரின் முதுகைத் தாக்குவதில்லை. கைப்பிடி அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால் அவர் நிமிர்ந்து அமரலாம். இதனால், மணிக்கட்டும் தோளும் வலிப்பதில்லை. முன்புறக் கண்ணாடித் தடுப்பு காற்றையும் மழைச்சாரலையும் ஓரளவு தடுக்கிறது.

எரிபொருள் கலனின் அளவும் முக்கியமானது. கிரிக்கிற்கும் ஜெலிக்கும் இடைப்பட்ட நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதையில் எண்ணெய் நிலையங்களைக் காண்பது அரிது. ஹிமாலயனின் கலன் 17 லிட்டர் கொண்டது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டாலும், ஒருமுறை நிரப்பினால் 425 கிலோமீட்டர் செல்லலாம். பயணப் பைகளை வாகனத்தின் இரு பக்கங்களிலும் சம எடையுடன் பொருத்துவர். கனமான பொருள்களை அடியில் வைப்பதே முறை. எடை மேலே இருந்தால் வளைவுகளில் வாகனம் தடுமாறும்.

தைப்பிங்கைப் போன்ற மழை நகரங்களில் மிகவும் கைகொடுப்பது ‘ஏபிஎஸ்’ என்னும் பிரேக் அமைப்பு. ஈரமான சாலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கிச் செல்லும். ஏபிஎஸ் உள்ள வாகனத்தில், சக்கரத்தின் வேகத்தை உணர்கருவி கண்காணிக்கிறது. சக்கரம் நிற்கப்போவதை உணர்ந்தவுடன் பிரேக்கின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தி மீண்டும் கொடுக்கிறது. இதனால், வாகனம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறும் வாய்ப்பு குறைகிறது.

எனினும், இத்தகைய வசதிகளுக்கு ஒரு விலையும் உண்டு. புதிய ஹிமாலயனின் எடை 196 கிலோகிராம். பிஎம்டபிள்யூவின் ‘ஆர் 1250 ஜிஎஸ்’ 249 கிலோகிராம். காப்சாயோ ஏறக்குறைய 100 கிலோகிராம்தான். கனமான வாகனம் சாய்ந்துவிட்டால் தனியொருவரால் அதை நிமிர்த்துவது கடினம். மலேசியாவில் 250 சிசிக்கு உட்பட்ட வாகனங்களுக்கு ‘பி2’, 500 சிசி வரை ‘பி1’, அதற்கு மேல் ‘பி’ என உரிமங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பி2 உரிமம் மட்டும் வைத்திருப்பவர் ஹிமாலயனை ஓட்ட இயலாது.

எடையைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. அது வாகனம் தரும் சொகுசாகும். சிறிய மோட்டார் சைக்கிள் வேகம் கூடினால் அதிரும், இரையும். அதுவே ஓட்டுநருக்கு எச்சரிக்கையாகிறது. பெரிய வாகனத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகமும் மெதுவாகச் செல்வதுபோலத் தோன்றும். உண்மையில், அவ்வேகத்தில் வாகனம் ஒரே நொடியில் 30 மீட்டரைக் கடந்துவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வாகனம் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். சாலை நனைந்திருந்தால் அத்தூரம் மேலும் நீளும். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஆகவே, அனுபவமிக்க பயணிகள் புறப்படும் முன்னர் டயரின் காற்றழுத்தத்தையும் பள்ளக்கோடுகளின் ஆழத்தையும் பார்க்கின்றனர். அக்கோடுகளே நீரை வெளியேற்றிச் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அவர்கள் தரமான தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றை அணிகின்றனர். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது ஓய்வெடுக்கின்றனர். மழை வலுத்தால் மேம்பாலத்தின் கீழ்ச் சாலையோரத்தில் நிற்காமல், மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென அமைக்கப்பட்ட ஒதுங்குமிடத்தையோ ஓய்விடத்தையோ நாடுகின்றனர். இந்தப் பழக்கங்களுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பதினாறு வயதில் பி2 உரிமம் பெற்று, காப்சாயில் தைப்பிங் கடைத்தெருவுக்குச் செல்லும் இளைஞரும் இவற்றை இன்றே பின்பற்றலாம். நெடும்பயணத்தில் எவ்வளவு விரைவாகச் சென்றோம் என்பதைவிட, நலமாக வீடு திரும்பினோமா என்பதே முக்கியம்.