ஒரே கம்பி, இருபது கணினிகள்

சர்வரின் பின்பக்கம் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள்தான் செருகியிருக்கிறது. அதன் மறுமுனையில் இருக்கும் சுவிட்சின் முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், அந்தக் கேபிள் செருகிய ஒரே துளைக்கு நேராக இருபது கணினிகளின் முகவரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பத்தொன்பதுக்குப் பெட்டி கிடையாது, மின்விசிறி கிடையாது, கேபிள் செருகத் துளையும் கிடையாது. நிஜக் கணினி ஒன்றின் நினைவகத்துக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகள் அவை. சுவிட்சுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொள்வது சர்வருக்குள் இருக்கும் பிரிட்ஜ், அதாவது பாலம்.

பாலம் இல்லாமலும் மெய்நிகர் கணினிக்கு இணையம் கிடைக்கும். லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருளை நிறுவினால், 192.168.122 என்று தொடங்கும் ஐபி முகவரிகளுடன் ஒரு தனி உள்வட்டத்தை அமைத்துத் தரும். உள்ளிருந்து வெளியே போகும் எல்லாமே சர்வரின் பெயரில் போகும். இணையத்தில் உலாவ இது தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் கணினியில் ஓர் இணையதளம் ஓடவேண்டும், அலுவலகத்தில் உள்ளவர்கள் அதைத் தேடி வரவேண்டும் என்றால் அதற்குச் சொந்த முகவரி தேவை.

அதற்கு முதலில் வேண்டியது நெட்வொர்க் கார்டுக்குரிய முகவரி; அது கிடைக்கும் விதமே ஒரு வியப்பு. ஒவ்வொரு ஈதர்நெட் கார்டுக்கும் 48 பிட் நீளத்தில் மேக் முகவரி என்ற எண் உண்டு. அப்படி மொத்தம் 281 லட்சம் கோடி எண்கள் இருக்க முடியும். உலகில் உள்ள ஒவ்வொருவருக்கும் முப்பதாயிரத்துக்கு மேல் கொடுக்கலாம். எண்ணின் முன்பாதியை ஐஈஈஈ அமைப்பு கார்டு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கித் தருகிறது. ஆனால் முதல் எட்டு பிட்டுக்குள் ஒன்றை விதி தனியே எடுத்து வைத்திருக்கிறது. அது 1 ஆக இருந்தால், ‘தொழிற்சாலை தந்த எண் அல்ல, உள்ளூரில் வைத்துக்கொண்டது’ என்று பொருள். லினக்ஸின் கேவிஎம் வசதியில் ஓடும் மெய்நிகர் கணினிகளின் முகவரி வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும். பதினறும எண்ணான 52-ஐ இரும எண்ணாக விரித்தால் 01010010. கடைசிக்கு முந்தைய இடத்தில் நிற்கிறதே ஒரு 1, அதுதான் அந்த பிட். இந்த எண்ணுக்குரிய சிப் எங்கே என்று ஈதர்நெட் யாரையும் கேட்பதில்லை.

வைஃபை கேட்கிறது. தன்னிடம் பதிவுசெய்துகொண்ட முகவரியிலிருந்து வருவதை மட்டுமே அணுகுமுனை ஏற்கும். மடிக்கணினியின் வைஃபையில் பாலம் கட்ட முயன்றவர்கள் பலர் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

முகவரி ஆயிற்று, கேபிள்? அதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கருவில் டேப் என்றொரு சாதனம் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அது நெட்வொர்க் கார்டு. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கோப்பு. மெய்நிகர் கணினி ஒரு சட்டகத்தை (ஈதர்நெட்டில் ஒரே மூச்சில் போகும் தரவுத் துண்டு, வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட் சரக்கு) அனுப்பும்போது, அதை இயக்கும் நிரல் அந்த பைட்டுகளைக் கோப்பில் எழுதுகிறது. கருவோ ஒரு கார்டின் வழியாகச் சட்டகம் வந்து இறங்கியதாக எடுத்துக்கொள்கிறது. எழுதுவதும் படிப்பதும்தான் இங்கே கம்பி.

இனி பாலம். ஒரு முனையில் நிஜக் கார்டு, மற்ற முனைகளில் டேப் சாதனங்கள். எந்த முகவரி எந்த முனையில் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் யாரிடமும் விசாரிக்காமல், எந்தத் தெருப் பெட்டியில் யார் கடிதம் போடுகிறார் என்று அனுப்புநர் முகவரியைப் பார்த்தே ஊரைப் படித்துக்கொள்வதுபோல, பாலம் ஒவ்வொரு சட்டகத்தின் அனுப்புநரையும் குறித்துக்கொள்கிறது. பெறுநர் தெரிந்தவர் என்றால் அந்த முனைக்கு மட்டும் அனுப்பும். தெரியாதவர் என்றால், வந்த முனை தவிர மற்ற எல்லா முனைகளுக்கும் அனுப்பும். பதில் வந்ததும் அந்தப் பெறுநரும் தெரிந்தவராகிவிடுவார். 300 விநாடி ஒருவரிடமிருந்து பேச்சே இல்லையென்றால் மறந்துவிடும். இந்த மறதி திட்டமிட்டது. இடம் மாறியவர்களைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்காமல் காப்பது அதுதான்.

இத்தனைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஒரு கிகாபிட் கம்பியில் முழு நீளச் சட்டகம் ஒன்று கடக்க 12 மைக்ரோ விநாடி போதும். கண் இமைக்கும் பத்தில் ஒரு விநாடிக்குள் எட்டாயிரம் சட்டகங்கள் வந்துவிடும்.

பாலங்களை வட்டமாக இணைத்துவிட்டால் ஆபத்து. ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் வரம்பு இல்லை. சுற்றத் தொடங்கினால் நிற்காமல் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985-இல் இதற்குத் தீர்வை வெளியிட்டார்: பாலங்கள் தங்களுக்குள் பேசி, வட்டம் இல்லாத மர வடிவம் மிஞ்சும்படி சில வழிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். இதற்காகப் புதிய முனை ஒன்று 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்ற பிறகே பேசத் தொடங்கும். மெய்நிகர் கணினி அதற்குள் எழுந்து ஐபி முகவரி கேட்டு, பதில் வராமல் தவித்துப்போவது உண்டு. ஒற்றைக் கேபிள் சர்வரில் பொதுவாக வட்டம் உருவாக வழியில்லை என்பதால், நிர்வாகிகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை அணைத்தே வைக்கிறார்கள்.

பாலத்தை அமைக்கும்போது கை நடுங்கவைக்கும் கட்டம் ஒன்றுண்டு. சர்வரின் ஐபி முகவரியைக் கார்டிலிருந்து எடுத்துப் பாலத்துக்கு மாற்ற வேண்டும். அதன்பின் கார்டு வெறும் முனை. அதுவரை தனக்கு வந்ததை மட்டும் ஏற்ற கார்டு, இனி யாருக்கு வந்தாலும் உள்ளே விடும். தொலைவிலிருந்து இணைந்து வேலை செய்பவர், முகவரியை எடுத்த கணமே வெளியே தள்ளப்படுவார். அனுபவசாலிகள் பழைய அமைப்புக்குத் திரும்பும் கட்டளையைச் சில நிமிடம் கழித்துத் தானே ஓடும்படி வைத்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. பாலத்துக்கும் ஒரு மேக் முகவரி வேண்டும். நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், தன் முனைகளின் முகவரிகளில் மிகச் சிறியதை அது எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு கண்ணி. ஒரு டேப் சாதனத்தின் எண் மிகச் சிறியதாக அமைந்து, அந்த மெய்நிகர் கணினியை நாம் அணைத்தால், பாலத்தின் முகவரியே மாறிவிடும். சர்வரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். லிப்வர்ட் செய்வதைப் பாருங்கள்: மெய்நிகர் கணினியின் முகவரி 52:54:00:12:34:56 என்றால், அதன் டேப் சாதனத்துக்கு எஃப்ஈ:54:00:12:34:56 என்று வைக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மட்டுமே மாற்றம். எஃப்ஈ என்பது 254. அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளிலேயே மிகப் பெரியது. சிறியதைத் தேடும் பாலம் இதைத் தொடவே தொடாது. நிஜக் கார்டின் எண்ணிலேயே நிலைத்து நிற்கும்.

ஒரே பாலத்தில் இருக்கும் இரண்டு மெய்நிகர் கணினிகள் பேசிக்கொண்டால் எதுவும் கம்பிக்கே போவதில்லை. எல்லாம் நினைவகத்துக்குள் நகல் எடுப்பதுதான். 1500 பைட் என்ற எல்லைகூட அங்கே தளர்ந்து, 64 கிலோபைட் வரையிலான பெரிய துண்டுகள் உடைபடாமலே கைமாற முடியும்.

பாலமும் சுவிட்சும் அனுப்புநரைப் பார்த்துக் கற்கும் முறை தன் முழுத் திறமையைக் காட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்றும்போது. நினைவகம் முழுவதும் நெட்வொர்க் வழியாக நகலாகி, புதிய சர்வரில் அது கண் விழிக்கிறது. மேக் முகவரி அதேதான். ஆனால் சுவிட்சு இன்னும் பழைய துளைக்கே சட்டகங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். மறதிக்குரிய 300 விநாடி வரை காத்திருந்தால் இணைப்புகள் அறுந்துவிடும். ஆகவே மெய்நிகர் கணினியை இயக்கும் நிரலான கியூஎம்யூ, புதிய இடத்திலிருந்து அந்தக் கணினியின் பெயரில் சில சிறு அறிவிப்புச் சட்டகங்களைத் தானே அனுப்புகிறது. அவற்றில் சரக்கு முக்கியமில்லை, அனுப்புநர் முகவரிதான் முக்கியம். வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் பாலமும் அதைப் பார்த்த மாத்திரத்தில் தன் பட்டியலைத் திருத்திக்கொள்கிறது. கோப்பு ஒன்றைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தவருக்குச் சற்றே தடைபட்டதாகத் தோன்றலாம். பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடும்.