லோகியாவின் மூன்று அணா: ஒரு பேச்சின் வரவு செலவு

நாளொன்றுக்கு 3 அணா. 27 கோடி இந்தியர்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள் என்று 1963 ஆகஸ்ட் 21 அன்று மக்களவையில் ராம் மனோகர் லோகியா சொன்னார். அதன் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் வைத்தார்: பிரதமருக்காக ஒரு நாளைக்கு ஆகும் செலவு 25,000 ரூபாய். சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது நடந்த விவாதம் அது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஆச்சார்ய கிருபளானி. எதிரே பிரதமர் நேரு.

அவையின் பலத்தைப் பார்த்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான். 1962 தேர்தலில் 494 இடங்களில் காங்கிரஸ் 361 இடங்களை வென்றிருந்தது. லோகியாவின் சோஷலிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 6. லோகியாவே 1963 மே மாதம் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து, அப்போதுதான் அவைக்குள் வந்திருந்தார். விவாதம் 4 நாள் நடந்தது, 21 மணி நேரத்துக்கும் மேல். 40 உறுப்பினர்கள் பேசினார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 62, எதிர்ப்பு 347. வாக்குகளை மட்டும் எண்ணினால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு எம்.பி.யின் பேச்சால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேறொரு ஏட்டைப் புரட்ட வேண்டும்.

ரூபாய்க்கு 16 அணா. 1957இலேயே புதிய பைசா வந்துவிட்டது என்றாலும், கூலியும் கறிகாயும் இன்னும் அணாவில்தான் பேசப்பட்டன. 3 அணா என்பது புதிய கணக்கில் 18.75 பைசா, மாதத்துக்கு 5 ரூபாய் 10 அணா. பிரதமருக்கு ஆவதாக லோகியா சொன்ன 25,000 ரூபாயை அணாவாக மாற்றினால் 4 லட்சம் அணா. அவர் கணக்குப்படி, 1,33,333 பேரின் ஒரு நாள் பிழைப்பு அது.

நேரு இதை மறுத்தார். திட்டக் குழுவின் புள்ளிவிவரப்படி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 அணா வருகிறது என்றார். இந்த எண்ணும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 15 அணா வீதம் ஆண்டுக்கு 342 ரூபாய் ஆகிறது; அன்றைய நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ அதுதான் வரும். இரண்டு எண்களுக்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம். 3 அணாவில் வாழும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் மொத்தமாகச் சேர்ந்து பெறுவதை, சராசரிக் கணக்கு ஒரே ஆளின் கையில் கொடுத்துவிடுகிறது.

அவை இதை அப்படியே விட்டுவிடவில்லை. செப்டம்பர் 6 அன்று மக்களின் தினசரி வருமானத்தைப் பற்றியே தனியாக ஒரு விவாதம் நடந்தது. அப்போது திட்ட அமைச்சராக இருந்த குல்சாரிலால் நந்தா, அடித்தட்டில் உள்ளவர்களுக்கு ஏழரை அணா என்று ஒரு கணக்கு கொடுத்தார். பதினாறே நாளில் அரசின் வாயிலிருந்து வந்த எண் 15இலிருந்து ஏழரைக்கு இறங்கியது. சரிபாதி. என் பார்வையில் அந்தப் பேச்சின் வரவுப் பக்கத்தில் எழுதவேண்டிய முதல் தொகை இதுதான்.

மூன்று எண்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம். நூறு பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 15 அணா என்றால் ஊரின் மொத்தம் 1,500 அணா. லோகியா சொன்ன 27 கோடி, அன்றைய மக்கள்தொகையில் 60 சதவீதம். அந்த 60 பேருக்குத் தலைக்கு 3 அணா என்றால் அவர்களுக்குப் போவது 180 அணா, மொத்தத்தில் 12 சதவீதம். மீதி 40 பேருக்குத் தலைக்கு 33 அணா. நந்தாவின் ஏழரை அணாவை எடுத்துக்கொண்டால் அந்த 60 பேருக்கு 450 அணா, அதாவது 30 சதவீதம். மேலே உள்ள 40 பேருக்குத் தலைக்கு 26 அணாவுக்குச் சற்று மேல்.

இந்த இரண்டில் எது உண்மைக்குப் பக்கம்? 12 சதவீதம் என்பது மிகவும் குறைவு. நுகர்வுக் கணக்கெடுப்புகளில் அடித்தட்டு 60 சதவீதத்தின் பங்கு அவ்வளவு கீழே போனதாகத் தெரியவில்லை. பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் தண்டேகரும் ராத்தும் 1971இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 1960-61 விலையில் கிராமத்தில் மாதம் 15 ரூபாய், நகரத்தில் 22.50 ரூபாய் என்று அவர்கள் வறுமைக் கோடு கிழித்தார்கள். அணாவில் சொன்னால் நாளுக்கு 8, 12. கிராம மக்களில் சுமார் 40 சதவீதமும், நகர மக்களில் ஏறக்குறைய பாதியும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஆக, லோகியாவின் 3 அணா குறைத்து மதிப்பிட்ட எண். நேருவின் 15 அணா ஏழையின் எண்ணே அல்ல.

லோகியா சொன்ன எண் தவறியிருக்கலாம் என்பதற்காக அந்தப் பேச்சின் மதிப்பு குறைந்துவிடாது. அதற்கு முந்தைய ஆண்டு, 1962இல், திட்டக் குழு அமைத்த பணிக்குழு ஒன்று ஓர் ஆள் வாழத் தேவையான குறைந்தபட்சச் செலவு மாதம் 20 ரூபாய் என்று சொல்லியிருந்தது. கல்வியும் மருத்துவமும் அதில் சேராது. அவற்றை அரசு தரும் என்பது ஏற்பாடு. நாள் கணக்கில் இது பத்தரை அணாவைத் தாண்டுகிறது. நந்தாவின் ஏழரை அணாவுக்கு மாதம் 14 ரூபாய் 1 அணா. அரசின் குழுவே கிழித்த கோட்டுக்கு மாதம் ஆறு ரூபாய் கீழே கோடிக்கணக்கானோர் நிற்கிறார்கள் என்பது அமைச்சரின் சொந்த எண்ணிலிருந்தே வெளிப்பட்டது. லோகியாவின் மூன்று அணாவை நம்பாதவர்கூட இதை மறுக்க முடியாது.

செலவுப் பக்கத்தையும் எழுதிவிட வேண்டும். 1954 சட்டப்படி எம்.பி.யின் மாதச் சம்பளம் 400 ரூபாய். அவைக்கு வரும் நாளுக்குப் படி 21 ரூபாய். 1963இலும் அதே தொகைதான். 21 ரூபாய் என்றால் 336 அணா, லோகியாவின் கணக்கில் 112 பேரின் ஒரு நாள் வருமானம். அவர் பிரதமரைப் பார்த்து நீட்டிய அளவுகோல் அவரையும், அவையில் இருந்த ஒவ்வொருவரையும் அளந்தது. 1967 அக்டோபர் 12இல் அவர் இறந்தார். மக்களவையில் அவர் இருந்தது நாலு வருடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இன்றைய எம்.பி.க்கு மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், தொகுதிப் படி 87,000, அலுவலகப் படி 75,000. 2025 மார்ச்சில் அறிவித்து, 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டுத் தந்த உயர்வு இது. கூட்டினால் மாதம் 2,86,000, ஆண்டுக்கு 34,32,000. அவை நாளுக்கு 2,500 ரூபாய் படி தனி. 2019 முதல் 2024 வரை இருந்த 17வது மக்களவை ஐந்து வருடத்தில் 274 நாள் கூடியது, சராசரியாக ஆண்டுக்கு 55 நாள். அதே அளவு கூடினால் படியாக இன்னும் 1,37,500. ஆக மொத்தம் 35,69,500. அவை கூடும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எம்.பி.க்குச் சுமார் 64,900 ரூபாய். வீடு, விமானம், மின்சாரம் எதையும் இதில் சேர்க்கவில்லை. இந்தப் பணம் அதிகம் என்பது என் வாதமல்ல. நன்றாகப் படித்து, நல்ல உதவியாளரை வைத்துக்கொண்டு பேசும் உறுப்பினருக்கு இதைக் கொடுக்கலாம். முதல் மக்களவை 677 நாள் கூடியது. 17வது மக்களவை கூடியது அதில் பாதிகூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கூடிய நாட்களிலும் பேச நேரம் கிடைப்பதில்லை. 17வது மக்களவை நிறைவேற்றிய மசோதாக்களில் 35 சதவீதம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே விவாதிக்கப்பட்டன. 729 தனிநபர் மசோதாக்கள் அறிமுகமாகி, விவாதத்துக்கு வந்தவை இரண்டு. பேசும் நேரம் கட்சி பலத்தைப் பொறுத்துப் பங்கிடப்படுவதால், 543 பேர் அவையில் இரண்டே உறுப்பினர் கொண்ட கட்சிக்கு 8 மணி நேர விவாதத்தில் கணக்குப்படி இரண்டு நிமிடம்கூட வராது. எம்.பி.க்களுக்குப் போடப்படும் மதிப்பெண் பட்டியல்களோ எத்தனை விவாதம், எத்தனை கேள்வி, எத்தனை நாள் வருகை என்று மட்டும் எண்ணுகின்றன. பூஜ்ய நேரத்தில் தொகுதி ரயில் நிறுத்தம் கேட்டாலும் ஒன்று, 3 அணாப் பேச்சானாலும் ஒன்று. ரயில் நிறுத்தம் கேட்பது தப்பில்லை; அதுவும் வேண்டும். ஆனால் உறுப்பினர் கேட்டதால் அரசு புதிதாக எந்த எண்ணைச் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று ஒரு பத்தி அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அப்படியொரு பத்தி இருந்தால் 2019-24 காலத்தில் அதில் பெரிய ஓட்டை தெரியும். குடும்பங்களின் நுகர்வுச் செலவை அளக்கும் தேசியக் கணக்கெடுப்பு 2011-12க்குப் பிறகு 2017-18இல் எடுக்கப்பட்டது. தரம் சரியில்லை என்று சொல்லி, அதன் முடிவை வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. அடுத்தது 2022-23இல் நடந்தது; அதன் சுருக்க அறிக்கை வெளியான நாள் 2024 பிப்ரவரி 24. கிராமத்தில் அடிமட்ட 5 சதவீதத்தினரின் செலவு தலைக்கு மாதம் 1,373 ரூபாய், நாளுக்கு 46 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நகரத்தில் உச்சியில் உள்ள 5 சதவீதத்தினருக்கு 20,824 ரூபாய், நாளுக்கு 694. லோகியா கேட்ட கேள்விக்கு 2022-23இன் விடையின் இரு முனைகள் இவை. 17வது மக்களவை கடைசியாகக் கூடியது பிப்ரவரி 10 அன்று. 274 நாள் அமர்ந்த 543 உறுப்பினர்களில் ஒருவர் கையிலும், அவையில் எழுந்து நின்று கேட்பதற்கு, அந்த எண் இல்லை.