புதுச்சேரியை உலுக்கிய நைனியப்ப பிள்ளை வழக்கு

1716-ம் வருடம். புதுச்சேரியின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான நைனியப்ப பிள்ளை கைதானார். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகர் அவர். கப்பலில் ஏறும் துணி மூட்டைகளுக்கெல்லாம் அவர் தயவு வேண்டும்.

ராஜதுரோகம் செய்தார், மக்களைக் கொடுமைப்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. ஆனால், சேசு சபைப் பாதிரியார்களுக்கு அவர்மேல் இருந்த கோபத்துக்குக் காரணமே வேறு. அவர் இந்து! கத்தோலிக்க ராஜாவின் ஊரில் இவ்வளவு பெரிய பதவி ஓர் இந்துவுக்கா என்று பாரிஸ் வரை புகார் போயிருந்தது.

அன்றைய பிரான்ஸில் ராஜாவின் மதமே நாட்டின் மதம். 1685-ல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையையே பறித்தவர். 1714-ல் அவரிடமிருந்து புதுச்சேரிக்கும் உத்தரவு வந்தது: ஆறு மாதத்துக்குள் நைனியப்பர் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டும். கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். அவரை அனுப்பிவிட்டால் வியாபாரம் என்னாவது?

கடைசியில் அவரைச் சிறையில் தள்ளியது, ஒரு காலத்தில் அவரைப் பதவியில் வைத்த அதே கவர்னர் எபேர்தான். பாதிரியார்களின் தயவு இப்போது எபேருக்குத் தேவைப்பட்டது. விசாரணை நடந்த விதம் இன்னும் மோசம். தமிழில் சொன்ன சாட்சியத்தை மொழிபெயர்த்தவர், பாதிரியார்களிடம் வேலை பார்த்த உபதேசியாரின் மகன்! கடைவீதியில் 50 கசையடி, மூன்று வருடச் சிறை, சொத்து பறிமுதல். மறு வருடமே சிறையில் உயிர் போனது.

கிறிஸ்தவக் குருமார்கள் எல்லோரும் இதற்கு உடந்தை என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு மிஷன் சபையார் நைனியப்பருக்காகப் பரிந்து பேசினார்கள்.

மகன் குருவப்பா கப்பலேறி பிரான்ஸுக்கே போய் நியாயம் கேட்டார். தீர்ப்பு ரத்தானது. எபேர் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவானது. அப்பா எதற்கு மறுத்தாரோ, அதை மகன் அங்கே செய்தார். ஞானஸ்நானம் பெற்றார். சிறுவன் ராஜாவுக்காக ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் கோமகனே ஞானத்தந்தை! 'செவாலியே' பட்டத்தோடு ஊர் திரும்பி, அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். 1724-ல் இறந்தும்போனார்.

அடுத்து அந்தப் பதவி கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குப் போனது. அவருக்குப் பிறகு, நைனியப்பரின் மைத்துனர் மகன் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு வந்தது. அவர் கடைசிவரை மதம் மாறவில்லை. ஆனால், மாதா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை 1748-ல் கவர்னர் டூப்ளே இடித்தபோது, அதைத் தடுக்க அவராலும் முடியவில்லை. நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.