உங்களுக்குத் தெரியுமா? அம்புக்கு வயது வரம்பு இல்லை

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ விற்கக் கூடாது என்கிறது. அம்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அப்படியானால் சிறுவனிடம் வேட்டை அம்பைக் கொடுத்துவிடலாமா? அங்கேதான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் மடக்குகிறது. அதன் ஆயுத வரையறையில் வில், அம்போடு தூண்டில்முள், வலை, நஞ்சு, கண்ணி எல்லாம் அடக்கம். கடலில் நெத்திலிக்கு வீசும் வலையால் சிக்கல் இல்லை; கடற்பசுவைப் பிடிக்க விரித்தால் அதுவே குற்றத்துக்கான ஆயுதம். பிரிட்டனில் 18 வயதுக்குட்பட்டவருக்குக் குறுக்குவில் விற்பது குற்றம். நம் சட்டமோ அம்பு விஷயத்தில் வயதைப் பார்க்காமல் செயலைப் பார்க்கிறது. வில்வித்தை பழகும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இல்லாததால் இதுவே மேல். பிள்ளைதானே என்ற சாக்கும் பெரியவரைக் காப்பாற்றாது: தடைசெய்யப்பட்ட வேட்டைக்கென்று தெரிந்தே அம்பு கொடுத்து உடந்தையானவரும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி குற்றவாளியே.